நாய்ப் படுக்கைப் பயிற்சி

நாய்ப் படுக்கைப் பயிற்சி என்பது வீட்டில் வளர்க்கப்படும் நாய், மனிதரின் கட்டிலிலோ பாயிலோ அல்லாமல், தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்துக்குத் தானே சென்று படுத்து உறங்குமாறு அதனைப் பழக்குதல் ஆகும். உட்காருதல், நிற்றல், அழைத்தால் வருதல் போன்ற பழக்கங்கள் உரிமையாளரின் முன்னிலையில் நிகழ்வன. படுக்கைப் பழக்கமோ உரிமையாளர் உறங்கும்போதும், அவர் வீட்டில் இல்லாதபோதும் நீடிக்க வேண்டிய ஒன்றாகும். ஆகவே அச்சுறுத்தலால் இதனை நிலைநிறுத்த முடிவதில்லை. அவ்விடம் நாய்க்கு வசதியாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால் மட்டுமே அது அங்கு தங்கும்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நிலப்பகுதிகளில் இப்பயிற்சிக்குச் சில தனித்தேவைகள் உள்ளன. தமிழ்நாட்டின் வடகோடியில் அமைந்த திருவள்ளூர் மாவட்டமும், அதிலுள்ள கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியும் இதற்கு எடுத்துக்காட்டாகும். குளிர்நாட்டுக் கையேடுகள் பரிந்துரைக்கும் தடித்த மெத்தை இங்கு பெரும்பாலும் பொருந்துவதில்லை. தொழிற்சாலைகளின் முறைப்பணியால் வீட்டாரின் உறக்க நேரம் அடிக்கடி மாறுவதும் இங்கு கருதப்பட வேண்டியதாகும்.

பின்னணி

தமிழகத்தில் நாய் நெடுங்காலமாக வேட்டைத் துணையாகவும் காவல் விலங்காகவும் இருந்து வந்துள்ளது. சங்க இலக்கியத்தில் நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி ஆகிய சொற்களும் வழங்கின. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுடன் அவனது நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வரைக் கடித்துக் காவல் காத்ததையும் அதன் கல்வெட்டு குறிப்பிடுகின்றது.

காவல் நாய்க்குரிய இடம் வாயிற்படி, திண்ணை, மாட்டுத்தொழுவம், களம் என்பனவாகவே இருந்தது. அங்கு நாய் தனக்கு உகந்த இடத்தைத் தானே தேர்ந்து கொண்டது. வெயிலில் நிழலுக்கும், மழையில் தாழ்வாரத்துக்கும், பனிக்காலத்தில் அடுப்புச் சாம்பலின் அருகுக்கும் அது மாறிக்கொண்டது. திண்ணையில்லாத வாடகை வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியபோது இத்தேர்வு நாயிடமிருந்து நீங்கியது. ஓரிரு அறைகள் மட்டுமே கொண்ட வீட்டில் நாய் எங்கே படுப்பது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. படுக்கைப் பயிற்சியின் தேவை இவ்வாறே எழுந்தது.

நாயின் உறக்கம்

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியளவு நேரத்தை உறக்கத்தில் கழிக்கும். குட்டிகளும் முதிய நாய்களும் இதனினும் கூடுதலாக உறங்கும். மனிதரைப் போல நாய் ஒரே நீண்ட உறக்கம் கொள்வதில்லை. ஆசுத்திரேலியாவில் ஆடம்சு, சான்சன் ஆகியோர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நாய்கள் இரவில் சராசரியாக 16 நிமிடம் உறங்கி 5 நிமிடம் விழித்திருந்தன. எட்டு மணி நேரத்தில் இத்தகைய சுழற்சிகள் ஏறத்தாழ 23 நிகழ்ந்தன.

இதிலிருந்து பயிற்சிக்குரிய ஓர் உண்மை பெறப்படுகின்றது. நாய் இரவில் பலமுறை விழிப்பது இயல்பேயன்றிக் குறும்பு அன்று. விழித்த நாய் எழுந்து சுற்றி வந்து மீண்டும் அதே இடத்தில் படுக்கின்றதா என்பதே கவனிக்க வேண்டியதாகும். படுக்குமுன் வட்டமிடுவதும் விரிப்பைக் கால்களால் பறிப்பதும் இவ்விலங்கின் இயல்பான நடத்தைகளே. இவற்றுக்காக நாயைக் கடிந்து கொண்டால் அது படுக்கையையே தவிர்க்கத் தொடங்கும்.

உறக்கம் கற்றலுக்கும் உதவுகின்றது. அங்கேரியின் புடாபெசுட்டு நகரில் நிகழ்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, புதிதாகக் கற்ற கட்டளைகளை நாய்கள் நினைவில் கொள்வதற்கும் கற்றலுக்குப் பின்னான உறக்கத்துக்கும் தொடர்புண்டு எனக் காட்டியது. எனவே குறுகிய பயிற்சிக்குப் பின் ஓய்வு அளிப்பது நன்று.

படுக்கையும் இடமும்

நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பாதங்களிலேயே சிறப்பாக உள்ளன. அது உடல்வெப்பத்தை முதன்மையாக மூச்சிரைத்தல் மூலமும், குளிர்ந்த பரப்பில் வயிற்றை வைத்துப் படுப்பதன் மூலமும் தணிக்கின்றது. அதன் இயல்பான உடல்வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணியில் மே மாதத்தில் பகல் வெப்பநிலை அடிக்கடி 40 பாகையைக் கடக்கும். கடலை ஒட்டிய கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பகுதிகளில் ஈரப்பதம் மிகுவதால் மூச்சிரைத்தலின் பயன் குறைகின்றது. கல்நார்த் தகடோ இரும்புத் தகடோ வேய்ந்த கூரைகளின் கீழ் இரவிலும் வெப்பம் தணிவதில்லை.

இத்தகைய இரவில் நுரைமெத்தையில் படுக்க வைக்கப்பட்ட நாய் சில நிமிடங்களில் எழுந்து வெறுந்தரைக்குச் செல்லும். இதனைக் கீழ்ப்படியாமை எனக் கருதுவது பிழையாகும். அந்நாய் தன் உடலைக் குளிர்விக்கின்றது. பயிற்சி தோல்வியுறுவதற்கு நாயின் பிடிவாதத்தை விடப் பொருந்தாத படுக்கையே பலவிடங்களில் காரணமாக அமைகின்றது.

வெப்பப் பகுதிகளுக்குப் பின்வருவன ஏற்றவை:

கயிற்றுக் கட்டில் அல்லது நாடாக் கட்டில்: தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரமுடைய சிறு கட்டில். அடியிலும் காற்று செல்வதால் உடல்வெப்பம் வெளியேறும்; தரையின் ஈரமும் எட்டாது. கடிக்கும் பழக்கமுள்ள குட்டிக்கு நைலான் நாடா ஏற்றதன்று, ஏனெனில் விழுங்கிய இழைகள் குடலை அடைக்கக்கூடும்.

கோரைப்பாய்: கோடைக்கு ஏற்றது. எளிதில் சுருட்டி எடுத்துச் செல்லலாம்.

பருத்தி விரிப்பு: பழைய பருத்திச் சேலையையோ போர்வையையோ பல மடிப்பாகத் தைத்தது. கொதிநீரில் துவைக்கலாம்.

சணல் சாக்கு: மார்கழி, தைப் பனிக்காலத்தில் பாயின் மேல் இடுவதற்கு உரியது. மழைக்காலத்தில் ஈரத்தைத் தாங்கிப் பூஞ்சணம் பிடிப்பதால் அப்போது தவிர்க்கத்தக்கது.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற தமிழ்நாட்டு நாயினங்கள் குட்டையான மயிரும் மெலிந்த உடலும் கொண்டவை. இவற்றின் முழங்கை, இடுப்பு எலும்புகள் துருத்தியிருப்பதால், வெறும் சிமெந்துத் தரையில் தொடர்ந்து படுப்பின் அவ்விடங்களில் தோல் காய்த்துவிடும். எனவே வெப்பத்தைத் தேக்காத, ஆயினும் மென்மையான விரிப்பு இவற்றுக்குத் தேவையாகின்றது.

படுக்கையின் இடம் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். அங்கிருந்து நாய் வீட்டாரைக் காண முடிய வேண்டும். காற்றோட்டம் இருக்க வேண்டும். நடைபாதையாக இருத்தல் கூடாது. கதவுக்கு நேரெதிரே அமைந்த படுக்கையில் நாய் ஒவ்வொரு காலடி ஓசைக்கும் எழுந்துவிடும். சுவரோரமோ மூலையோ சிறந்தது.

பயிற்சி முறை

பயிற்சி பகலிலேயே தொடங்கப்பட வேண்டும். இரவில் வீட்டாரும் நாயும் களைத்திருப்பதால் அப்போது தொடங்கும் பயிற்சி பெரும்பாலும் போராட்டமாக முடிகின்றது.

1. அறிமுகம்: விரிப்பை இட்டு, அதன் மேல் சிறு உணவுத்துண்டு ஒன்றை வைக்க வேண்டும். நாய் தானாகவே சென்று உண்ண விட வேண்டும். அதனைத் தூக்கியோ இழுத்தோ விரிப்பில் இருத்துதல் கூடாது. உப்பின்றி வேகவைத்த கோழி இறைச்சி ஏற்ற பரிசாகும். வெங்காயம், உலர்திராட்சை, சாக்கலேட்டு ஆகியவை நாய்க்கு நஞ்சாகும்.

2. படுத்தல்: நான்கு கால்களும் விரிப்பில் பட்டவுடன் ஒரு துண்டும், படுத்தவுடன் மற்றொன்றும் அளிக்க வேண்டும். துண்டைக் கையில் நீட்டாமல் முன்கால்களின் இடையே விரிப்பிலேயே வைப்பது நன்று. இதனால் நாயின் கவனம் கையை விட்டுப் படுக்கையின் மேல் திரும்புகின்றது.

3. சொல்: நாய் ஐயமின்றிப் படுக்கைக்குச் செல்லத் தொடங்கிய பின்னரே கட்டளைச் சொல் சேர்க்கப்பட வேண்டும். "இடம்" என்பது போன்ற குறுகிய சொல் ஒன்றை வீட்டார் அனைவரும் ஒரே வகையில் பயன்படுத்த வேண்டும். ஒருவர் "படு" எனவும் மற்றவர் "போ" எனவும் கூறின் நாய் குழம்பும்.

4. நேரம்: முதலில் 5 நொடி, பின்னர் 15 நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் எனக் காத்திருப்பு கூட்டப்படும். நாய் எழுந்துவிட்டால் நேரம் மிகையாகக் கூட்டப்பட்டது என்பதே பொருள். முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

5. தொலைவு: நாய் படுத்திருக்கையில் ஓரடி விலகித் திரும்பி வருதல், பின்னர் அறையின் மறுகோடி, பின்னர் அடுத்த அறை என விரிவுபடுத்தப்படும். நேரமும் தொலைவும் ஒரே சமயத்தில் கூட்டப்படுவதில்லை.

6. இரவு: மாலை நடை, உணவு, சிறுநீர் கழித்தல், படுக்கை என்னும் வரிசை நாள்தோறும் பின்பற்றப்பட வேண்டும். முதல் சில இரவுகள் நாயின் படுக்கை மனிதரின் கட்டிலுக்கோ பாய்க்கோ அருகிலேயே இருக்கலாம். அதன்பின் நாளொன்றுக்கு ஓரடி வீதம் அதன் நிலையான இடத்துக்கு நகர்த்தப்படும்.

நாய் இரவில் கட்டிலில் ஏறினால், கடிந்து கொள்ளாமலும் கொஞ்சாமலும் அதனை இறக்கிப் படுக்கைக்கு அழைத்துச் சென்று விட வேண்டும். எத்தனை முறை ஏறினாலும் விளைவு ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

கற்றல் கோட்பாடு

இம்முறையின் அடிப்படை, இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்பதாகும். எட்வர்டு தார்ண்டைக்கு 1898இல் விலங்குகளிடம் செய்த சோதனைகளாலும், பி. எப். சுகின்னர் 1938இல் வெளியிட்ட நூலாலும் இக்கருத்து வளர்ந்தது.

எப்போதாவது மட்டும் பரிசு பெறும் செயல், எப்போதும் பரிசு பெறும் செயலை விட அழிவதற்கு நீண்ட காலம் எடுக்கும் என்பதும் இவ்வாய்வுகளின் முடிவாகும். இரவில் அழும் நாயை ஐந்து நாள் பொறுத்துவிட்டு ஆறாம் நாள் கட்டிலில் ஏற்றிக் கொள்ளும் வீட்டில் இதுவே நிகழ்கின்றது. போதிய நேரம் அழுதால் கட்டில் கிடைக்கும் என்பதையே நாய் அங்கு கற்கின்றது.

வழக்கமாகக் கிடைத்த பயன் நின்றவுடன் நடத்தை குறைவதற்கு முன் சிறிது காலம் மிகுதியாவதும் உண்டு. எனவே இரண்டாம், மூன்றாம் இரவுகளில் அழுகை கூடுவது பயிற்சி தோற்றதைக் குறிப்பதாகாது. எனினும் நாய் எச்சில் ஒழுக நடுங்குதல், கதவைப் பிறாண்டிக் காயமுறுதல், உணவை மறுத்தல் ஆகியவை பிடிவாதமல்ல, பேரச்சத்தின் அறிகுறிகள். அந்நிலையில் நாயைத் தனித்து விடாமல் அருகில் வைத்துக்கொண்டு, பயிற்சியை முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

முறைப்பணியாளர் இல்லங்கள்

கும்மிடிப்பூண்டி, சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பல உள்ளன. தொழிற்சாலைகள் பலவற்றில் நாளின் 24 மணி நேரமும் எட்டு மணி நேர முறைகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு வாரம் இரவில் உறங்கும் தொழிலாளி, அடுத்த வாரம் பகலில் உறங்குவார்.

இத்தகைய வீட்டில் நாய் கடிகார நேரத்தைப் பற்றிக்கொள்ள இயலாது. நிகழ்ச்சிகளின் வரிசையையே பற்றிக்கொள்ளும். எனவே நேரம் மாறினாலும் வரிசை மாறாமல் இருத்தல் இன்றியமையாதது. இரவுப்பணி முடிந்து காலையில் வீடு திரும்புபவர் நாயை நடத்தி, உணவளித்து, அதே விரிப்பை அதே இடத்தில் இட்டு, அதே சொல்லைக் கூறிய பின் உறங்கச் செல்லலாம். பகலாயினும் இஃது உறங்கும் வேளை என்பதை நாய் அவ்விரிப்பிலிருந்து அறிந்து கொள்கின்றது. சன்னல் திரையை இழுத்துவிடுவதும் மின்விசிறியின் சீரான ஓசையும் தெருவோசையால் நாய் எழுவதைக் குறைக்கும்.

தனியே வாழும் தொழிலாளி இரவுப்பணிக்குச் செல்லும் நாட்களே கடினமானவை. ஒரே சுவரைப் பகிரும் வரிசை வீடுகளில், தனித்து விடப்பட்ட நாயின் குரைப்பு அயலாரின் உறக்கத்தைக் கெடுக்கும். அயலாருள்ளும் மறுநாள் முதற்பணிக்குச் செல்வோர் இருப்பர். முறையீடு வீட்டு உரிமையாளரை எட்டும்போது, நாயை அகற்றுதல் அல்லது வீட்டைக் காலி செய்தல் என்னும் நிலை உருவாகின்றது. வீட்டில் வளர்ந்த நாய் தெருவில் விடப்பட்டால் உணவு தேடவும், பிற நாய்களின் எல்லையைத் தவிர்க்கவும், வாகனங்களுக்கு ஒதுங்கவும் அறியாது. ஆகவே படுக்கைப் பழக்கம் இங்கு ஒழுங்கு பற்றியது மட்டுமன்று. நாய் அவ்வீட்டில் தொடர்ந்து வாழ்வதே பலவேளை அதனைப் பொறுத்தது. முதல் இரவுப்பணிக்குப் பல நாட்கள் முன்னதாகவே, பகலில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என வெளியே சென்று திரும்பி நாயைப் பழக்குதல் வேண்டும்.

சிறப்பு நிலைகள்

குட்டிகள்

எட்டு வார அகவையில் தாயையும் உடன்பிறந்தவற்றையும் பிரிந்து வரும் குட்டி முதல் இரவுகளில் அழுவது இயல்பு. அதனைத் தனியறையில் அடைப்பது அச்சத்தை மிகுவிக்கும். கைக்கு எட்டும் தொலைவில் உயர்ந்த ஓரமுடைய அட்டைப்பெட்டியில் படுக்க வைப்பது பொதுவான வழியாகும். குட்டி சிறுநீரை அடக்கக்கூடிய நேரத்தை, அதன் மாத அகவையுடன் ஒன்றைக் கூட்டிய மணிக்கணக்காக மதிப்பிடுவர். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்குவது அரிது. எனவே இரவில் ஒரு முறையேனும் வெளியே கொண்டு செல்ல வேண்டியிருக்கும்.

தெருவிலிருந்து வந்த நாய்கள்

தெருவில் வளர்ந்த நாய்க்கு மூடிய அறை பழக்கமற்றது. அதற்குக் கதவு திறந்திருக்கும் தாழ்வாரமோ வாயிலோ தொடக்க இடமாக அமையலாம். மின்விசிறியும் பாத்திர ஓசையும் கூட அதனை அச்சுறுத்தக்கூடும். அது தானே தேர்ந்து படுக்கும் இடத்தில் விரிப்பை இடுவதே எளிய வழி.

முதிய நாய்கள்

நெடுநாள் பழகிய படுக்கையை ஒரு நாய் திடீரெனத் தவிர்த்தால் மூட்டுவலி, சிறுநீர்த் தொற்று, பார்வைக்குறைவு ஆகியவற்றை ஐயுற வேண்டும். மிக முதிய நாய்களில் மூளைத்தளர்ச்சியால் பகலுறக்கமும் இரவு விழிப்பும் ஏற்படுவதுண்டு. இந்நிலையில் பயிற்சியை விடக் கால்நடை மருத்துவரின் ஆய்வே முதன்மையானது. சென்னை வேப்பேரியில் அமைந்த, 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இப்பகுதியினர் நாடும் நிறுவனங்களுள் ஒன்றாகும்.

உடல்நலம்

வெப்பப் பகுதிகளில் நாய்ப் படுக்கையின் முதன்மை இடர் பழுப்பு நாய் உண்ணியாகும். இது எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரை நாய்களிடையே பரப்புகின்றது. இந்நோய் கண்ட நாயில் காய்ச்சல், சோர்வு, குருதித் தட்டுக்கள் குறைதல் ஆகியவை காணப்படும். குருதி குடித்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்புகளிலும் படுக்கையின் மடிப்புகளிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மட்டும் மருந்திடுவது போதாது. விரிப்பை வாரம் ஒருமுறை கொதிநீரில் இட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், கட்டிலின் மூட்டுகளையும் சுவரோரத்தையும் தூய்மை செய்வதும் தேவை. நாய்க்கெனத் தனிப்படுக்கை இருப்பின் இப்பணி ஓரிடத்தில் முடிகின்றது.

வீட்டினுள் உறங்கும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம் இடப்பட வேண்டும். குட்டிக்கு மூன்று மாத அகவையில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் கூறும் கால இடைவெளியில் ஊக்க ஊசியும் இடுவது வழக்கம்.

மழை, வெள்ளம், வெடியோசை

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் தரைப்படுக்கைகள் ஈரமாகின்றன. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் மழையால் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. இத்தகைய வேளையில் படுக்கைப் பழக்கமுள்ள நாயை இடம் மாற்றுவது எளிது. பாயை மேல்மாடியிலோ உறவினர் வீட்டிலோ விரித்து வழக்கமான சொல்லைக் கூறினால், அறியாத இடத்திலும் நாய் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். எனவே நகர்த்தத்தக்க விரிப்பொன்றில் நாயைப் பழக்குவது பயனுடையது.

தீபாவளி வெடியோசையின்போது நாய்கள் கட்டிலுக்கடியிலும் குளியலறையிலும் பதுங்குவதுண்டு. உள்ளறை மூலையில், மேலே துணியிட்டு மூடிய படுக்கை, முன்னரே பழக்கப்பட்டிருந்தால், புகலிடமாக அமையும். பண்டிகை நாளன்று இதனைத் தொடங்குவது பயன் தராது. படுக்கை எந்நிலையிலும் தண்டனைக்குரிய இடமாகப் பயன்படுத்தப்படுதல் கூடாது.

சங்கிலியும் சட்டமும்

நாயை ஓரிடத்தில் உறங்க வைக்கச் சங்கிலியால் கட்டுவது பரவலான வழக்கமாகும். இது நாயின் உடலை ஓரிடத்தில் இருத்துமேயன்றி, அவ்விடத்தை விரும்பக் கற்பிப்பதில்லை. அவிழ்த்தவுடன் நாய் அவ்விடத்தை விட்டு ஓடும். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவு, விலங்கை அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதைக் கொடுமையென வரையறுக்கின்றது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதும் அப்பிரிவின்கீழ்க் குற்றமாகும்.

கருத்து வேறுபாடுகள்

நாயைக் கட்டிலில் உறங்க விட்டால் அது தன்னைத் தலைவனாக எண்ணிக்கொள்ளும் என்னும் கருத்து நீண்ட காலம் நிலவியது. இது, உருடோல்பு செங்கல் 1947இல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்ததாகும். இயற்கையில் ஓநாய்க்கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் அடங்கிய குடும்பமே என இடேவிட் மெக் 1999இல் எடுத்துக்காட்டினார். படுக்கைப் பயிற்சிக்குத் தலைமைப் போட்டி ஒரு காரணமாக இன்று பொதுவாகக் கொள்ளப்படுவதில்லை.

மனிதரின் உறக்கத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 40 பேரை ஏழு இரவுகள் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். நாய் அறையில் இருந்தபோது உறக்கம் பெரிதும் கெடவில்லை. ஆனால் நாய் கட்டிலிலேயே படுத்தபோது உறக்கத்தின் தரம் சற்றுக் குறைந்தது. ஒரே அறை, வெவ்வேறு படுக்கை என்னும் ஏற்பாட்டுக்கு இது துணை நிற்கின்றது. நாயை அறையை விட்டே விலக்குவது இப்பயிற்சியின் நோக்கமன்று. வீட்டாரின் மூச்சொலி கேட்கும் தொலைவில், தனக்கே உரிய இடமொன்றை அதற்கு அளிப்பதே இதன் நோக்கமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

நாய்
இராசபாளையம் நாய்
சிப்பிப்பாறை நாய்
வெறிநாய்க்கடி நோய்
கும்மிடிப்பூண்டி